லேப்டாப்பில் காய்த்த வரிக்கைச் சக்கை

போன ஞாயிற்றுக்கிழமை, காலை டிபனை முடித்த கையோடு நான் சூரியனை நகர்த்தினேன்.

சிரிக்காதீர்கள். சத்தியமாகத்தான் சொல்கிறேன். ஒற்றை விரலால் தள்ளினேன். கிழக்கே இருந்தவர் உச்சிக்கு வந்தார். இன்னும் கொஞ்சம் தள்ளினேன், மேற்கே சாய்ந்தார். எங்கள் புது வீட்டின் நிழல் முற்றத்தில் நீண்டு விழுந்தது. திரும்ப இழுத்தேன்... மறுபடியும் விடிந்தது! தின்ற இட்லி செரிப்பதற்குள் நாலைந்து நாட்களைக் கழித்துவிட்டேன்.

புது வீட்டுக்கு இன்னும் ஒரு கல்கூட வைக்கவில்லை. இப்போதைக்கு அது இருப்பது லேப்டாப்பில்.

பாறசாலைக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, அதே இடத்தில் புதிதாகக் கட்டப் போகிறோம். அதை ஒட்டி வீட்டுக்குள் ஒரு யுத்தம். வாசலுக்கு நேரே, மேற்குப் பக்கம், ஒரு வரிக்கைப் பலாமரம் நிற்கிறது. அதை வெட்டினால் கார் போர்ச்சுக்கு இடமும் ஆச்சு, வாசல் கதவுக்கு மரமும் ஆச்சு — இது என் மனைவியின் அண்ணன் சுகுமாரனின் கணக்கு. காட்டாக்கடையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். நானும் அவர் கட்சிதான்.

மனைவி விமலா எதிர்க்கட்சி. ஒரே வரியில் சொல்லிவிட்டாள்: "பிலாவை வெட்டினா புது வீட்டுல நான் கேறமாட்டேன். நீங்க ரெண்டு பேருமா பாலு காச்சிக் குடியுங்க."

சொன்னால் செய்கிறவள். வீடா, மனைவியா? எனக்குத் தூக்கம் போனது.

இந்த நேரத்தில்தான் ஷைனி வந்தாள். திருப்புறத்து மீனவர் வீட்டுப் பெண், ஆர்க்கிடெக்ட். அவள் லேப்டாப்பில் கொண்டுவந்த சமாச்சாரத்துக்கு 'பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங்' என்று பெயர். சுருக்கமாக, பிம். வெறும் படம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குள் ஒவ்வொரு சுவருக்கும் குழாய்க்கும் ஜன்னலுக்கும் தனித்தனி ஜாதகமே இருக்கிறது! வீடு எவ்வளவு சிமென்ட் தின்னும், எந்த அறை எத்தனை மணிக்கு வேகும், ஏ.சி. இல்லாமல் தூங்க முடியுமா... எல்லாம் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே தெரிந்துவிடுமாம்.

"எனக்க அப்பன் காத்து எந்தப் பக்கம்னு பாக்காம வள்ளம் எறக்கமாட்டாரு. நான் வெயிலு எந்தப் பக்கம்னு பாக்காம வீடு வரையமாட்டேன் சார்," என்றாள். சூரியனைத் தள்ளக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான்.

காட்டாக்கடையிலிருந்து வந்திருந்த சுகுமாரனும் பக்கத்தில் உட்கார, விமலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். கணினிக்குள் அடுக்களையைப் பார்த்தாள். மாடி ஏறி இறங்கினாள். முற்றத்துக்கு வந்ததும் சுற்றுமுற்றும் தேடினாள்.

"மக்களே, நம்மக்க பிலாவு எங்க?" என்று ஷைனியைக் கேட்டாள்.

ஷைனி என்னைப் பார்த்தாள். நான் சூரியனைப் பார்த்தேன். மனையின் அளவுகளை அனுப்பியது நான். கிணற்றைச் சொன்னேன், மதிலைச் சொன்னேன். மரத்தை... சொல்லவில்லை. வெட்டப் போகிற மரத்துக்கு எதற்கு அளவு?

"சாரி ஆன்ட்டி, இப்பம் வச்சுத் தாறேன்."

வைத்தாள். விமலாவுக்குப் போதவில்லை. வாசலுக்கும் லேப்டாப்புக்குமாக நடந்தாள். "கீழ்க்கொம்பு இன்னும் கொஞ்சம் வெளிய நீளும் மக்களே. சக்கை எங்க? ஐயே, இது என்னத்துக்கு இவ்வளவு சிறுசா? எனக்க பிலாவுல இப்பிடிக் காய்க்காதாக்கும்!"

எங்கள் ஊரில் பலாப்பழம்தான் சக்கை; ஷைனி அதைப் பெரிதாக்கினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உலகத்தில் வேறு எந்த மாடலுக்காவது இப்படி ஒரு பாக்கியம் கிடைத்திருக்குமா?

பிறகு ஒரு பட்டனைத் தட்டினாள். உத்தரத்துக்குள் குழாய் புகுந்தாலோ, படிக்கட்டில் தலை இடித்தாலோ காட்டிக்கொடுக்கும் சோதனையாம் அது. திரையில் ஒரே ஒரு இடம் சிவந்தது. கீழ்க்கொம்புச் சக்கையும் கார் போர்ச்சின் கூரையும் — மோதல்!

சுகுமாரன் துள்ளி எழுந்து, மச்சான் என்ற உரிமையோடு என் தோளைத் தட்டினார். "பாத்தீரா அளியா! கம்ப்யூட்டரே பறஞ்சாச்சு. மரம் போவட்டும்!"

விமலா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

என்ன செய்வதென்று தெரியாமல் நான் சூரியனை இழுத்தேன். சாயங்காலம் நாலு மணி. புது வீட்டின் முன்ஹால் நீல நிறத்தில் இருந்தது. நீலம் என்றால் குளிர்ச்சி என்றாள் ஷைனி.

"மரத்தை எடும்மா, பார்ப்போம்." எடுத்தாள். ஹால் செக்கச்செவேல் என்று சிவந்தது. "வை." நீலம். "எடு." சிவப்பு. "வை, வை!"

"அளியா, நீரு யாருக்க கட்சி?" சுகுமாரன் முறைத்தார்.

நான் ஷைனியைக் கேட்டேன். "அப்போ இந்த மோதலுக்கு என்ன வழி?"

"மோதுனது ரெண்டு பேரு சார். யாரை மாத்தணும்னு இது பறயாது, நாமதான் பறயணும்."

"போர்ச்சை எடு," என்றேன். என் வாயா அது!

போர்ச் மறைந்தது. கூடவே சிமென்ட் கணக்கு இறங்கியது, கம்பிக் கணக்கு இறங்கியது, மர நிழல் இருப்பதால் ஹாலுக்குப் போட்டிருந்த ஏ.சி.யும் போனது. திரையில் மரம் மட்டும் சக்கையோடு நின்றது. விமலா சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள்.

சுகுமாரன் விடவில்லை. "வாசல் கதவுக்கு மரம்?"

"பழைய வீட்டுக்க கதவு கல்லு மாதிரி கெடக்கே. அதை நான் ஏற்கெனவே இதுல ஏத்தியாச்சு," என்றாள் ஷைனி.

"செரி, காரு?"

"வெயில்ல நிக்கட்டு," என்றாள் விமலா. "அதுக்கு வேர்க்கவா போவுது?"

வெட்டச் சொன்ன மனிதர் காட்டாக்கடைக்குத் திரும்பியபோது அவர் கார் டிக்கியில் ஒரு சக்கை இருந்தது. ஷைனியின் ஸ்கூட்டரில் இன்னொன்று. எங்கள் வீட்டில் ஜெயித்தவர்கள்தான் விருந்து வைப்பார்கள்.

சாயங்காலம் நாலு மணி. நிஜமான நாலு மணி. விமலா வழக்கம்போல் முன்னறையில் பாயை விரித்தாள். நான் பரபரப்பாகப் போய்ச் சொன்னேன்: "உனக்குத் தெரியுமா? இந்த அறை குளுகுளுன்னு இருக்கே, காரணம் அந்தப் பலாமரம்தான்!"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பிடியா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கல்யாணமான நாள் முதல் ஒவ்வொரு கோடையிலும் அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்ன... கலர் போட்டுச் சொல்லவில்லை!