அந்தத் தேர்வு சுலபமானதல்ல

டில்லிதான் போனில் சொன்னான். அம்பத்தூரில் நான் பாடம் நடத்திய கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் படித்தவன். "சார், ஜெசிந்தா மேடம் போய்ட்டாங்க. பட்டாபிராம் ஊட்லதான் வச்சிகீறாங்க. சாயங்காலம் அடக்கம்." பிறகு என்ன நினைத்தானோ, "நல்லவங்க சார். எக்ஸாம் ஈஸியான அப்புறம் பாஸ் பண்ணவங்கன்னு எவ்ளோ ஓட்டியிருப்போம், ஒரு நாளும் கோச்சிக்கல" என்றான். போனை வைத்துவிட்டேன். அந்தக் கிண்டலை ஆரம்பித்து வைத்தவன் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் ஜெசிந்தாவும் ஒரே மாதத்தில் அந்த மையத்தில் ஆசிரியர்களாகச் சேர்ந்தோம். நெட்வொர்க் வேலைக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அப்போது சான்றிதழ்த் தேர்வு நடத்தியது. மையத்தில் அதில் முதலில் தேறியவன் நான். என் தலைக்கனத்தைக் கேட்கவா வேண்டும்? டீக்கடைக்குப் போனால் போதும், "எங்க காலத்துப் பேப்பர்" என்று ஆரம்பித்துவிடுவேன். எங்கள் காலம் என்பது நாலு வருஷத்துக்கு முந்தி, அவ்வளவுதான். ஜெசிந்தா ஒரு நாள் சொன்னார்: "நாம எழுதினதுதான் கஷ்டம்னு எல்லாருக்கும் தோணும் பாஸ்கர். மறுபடி உக்காந்து எழுதினாத்தான் தெரியும்." எனக்குச் சுருக்கென்றது.

நான் தேறிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் எழுதியவர்களிடம் கேள்விகளைக் கேட்டு வாங்கி, ஒரு நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்தேன். ஜெசிந்தாவுக்கும் அந்த நோட்டைத் தருவதாகச் சொன்னேன். "நாளைக்கு ஒரு ஆபீஸ்ல மெஷின் நின்னுபோனா, உங்க நோட்டா வந்து ஓட்டும்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்களை இணைப்பார், பிரிப்பார், வேண்டுமென்றே கெடுத்து மறுபடி சரிசெய்வார். இரண்டு வருஷம் அப்படித்தான் படித்தார்.

அதற்குள் பாடத்திட்டம் மாறிவிட்டது. பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்கள் ஒரு வருஷத்துக்குள் புதுத் தேர்வை எழுதித் தேறினால்தான் அது தொடர்ந்து செல்லும் என்றார்கள். யாரிடமும் மூச்சுவிடாமல் பதிவு செய்துகொண்டு ஒரு சனிக்கிழமை நுங்கம்பாக்கத்துக்குப் போனேன். தேர்வு அறை வாசலில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தார். அதே நாள், அதே தேர்வு. உள்ளே போனால், என் நோட்டில் இருந்த ஒன்றுகூட வரவில்லை. இன்ன ஆபீஸில் இன்ன கோளாறு, எங்கிருந்து பார்ப்பாய் என்று ஒவ்வொரு கேள்வியும் குடைந்தது. முடித்த கையோடு இருவருக்கும் மதிப்பெண் தாள் தந்தார்கள். அவர் தேறியிருந்தார். நான் தோற்றிருந்தேன்.

திரும்பும் ரயிலில் அவர் தன் தாளைக் கைப்பையில் வைத்து மூடிவிட்டார். என் எதிரில் சந்தோஷப்படக்கூட அவருக்குக் கூச்சம். "புதுசு நிஜமாவே கஷ்டம் பாஸ்கர். இன்னொரு தடவை எழுதுங்க, வந்துடும். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார். அம்பத்தூரில் நான் இறங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். பூந்தமல்லியில் புதுக் கிளை திறக்கப்போவதாகவும், பொறுப்புக்கு ஒருவர் வேண்டும் என்றும் சொன்னார். ஜெசிந்தா தேறிய விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. "இப்ப ரெண்டு பேர்கிட்டயும் சர்டிபிகேட் இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே பாஸ்கர்?"

"இல்ல சார். எங்க காலத்துல கஷ்டம். இப்ப ரொம்ப ஈஸி பண்ணிட்டாங்க."

பக்கத்து நாற்காலியில் ஜெசிந்தா. திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியிருக்கும். அவர் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார் அல்லவா? பொறுப்பு எனக்கு வந்தது. நான் சொன்னது வகுப்புவரை பரவி, பையன்கள் அவருக்கு 'ஈஸி மேடம்' என்று பெயர் வைத்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், வெட்கங்கெட்டவன். அடுத்த வருஷம் அவர் ஆவடியில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

பல வருஷம் கழித்து பட்டாபிராம் ஸ்டேஷனில் ஒருமுறை பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தவனை அவரே கூப்பிட்டு நிறுத்தினார். வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டு, "அந்தப் புதுப் பேப்பரை அப்புறம் எழுதிட்டீங்களா?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். "எழுதிட்டேன், பாஸ் பண்ணிட்டேன்" என்றேன். "எனக்குத் தெரியும், எழுதிடுவீங்கன்னு" என்றார். அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பழைய மாணவர்கள் அந்த ஈஸி பேப்பர் கதையை அங்கேயும் பிரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவரை அறிந்த எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தத் தேர்வு கடினமானது. ஜெசிந்தா முதல் தடவையிலேயே தேறினார். அதே நாளில் அதே தேர்வில் நான் தோற்றேன். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது எனக்காக மலர்ந்த அந்த முகம் ஒன்றுதான். அதையும் பொய் சொல்லித்தான் வாங்கினேன்.

நான் மறுபடி எழுதவே இல்லை, ஜெசிந்தா.