எட்டுப் பத்துக்கு வரும் ஆறு எண்கள்

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இக்கரையில், தம்போயில் ஒரு வரிசை வீட்டில் தனியாக இருக்கும் யோகேஸ்வரி டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பாரத்தை நிரப்பக் கொடுத்தாலும், தொலைபேசி எண் கேட்கும் இடத்தில் மகனுடைய எண்ணைத்தான் எழுதுவார். கிளினிக்கா, மகன் எண். தண்ணீர் பில்லா, மகன் எண். கோயில் அர்ச்சனைச் சீட்டில் கேட்டிருந்தால் அங்கேயும் அதையே எழுதியிருப்பார். இதற்கு அவர் ஒரு நியாயமும் வைத்திருந்தார். அவருடைய எண் டாப்-அப் போட்டால் உயிரோடிருக்கும், மறந்தால் செத்துப்போகும் ரகம். வீட்டுக்காரர் அர்ச்சுனன் இருந்தவரை அவருடைய எண்ணை எழுதினார். அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு மகன் லோகேஸ்வரனின் எண்ணுக்கு மாறிக்கொண்டார். நம் வீடுகளில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான் இது. கேட்டால்தான் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

கோத்தா திங்கிப் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளில் முப்பது வருடம் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற மறு வருடமே டீச்சர் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலைக்குப் பதிந்துகொண்டார். மழைக்காலத்தில் ஆறு பெருகி, செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் பாதை முங்கும்போது பிள்ளைகள் எத்தனை நாள் பள்ளியை இழக்கிறார்கள் என்பது ஆய்வு. அந்தப் பாதையில் காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர், எழுதவும் தகுதியுள்ளவர்தான். ஆனால் “இந்த வயசுல மாஸ்டர்ஸ் படிச்சி என்னா செய்யப் போறீங்க டீச்சர்?” என்று பக்கத்து வீட்டு ஷாமளா கேட்டபோது அவர் சொன்ன பதில் வெள்ளம் பற்றியது அல்ல. “வீடு ரொம்ப அமைதியா இருக்கு ஷாமளா” என்றார். ஷாமளா அதற்கு ஒரு தொலைக்காட்சித் தொடரைச் சிபாரிசு செய்துவிட்டுப் போனாள்.

ஆய்வுக் கட்டுரைகளெல்லாம் பல்கலைக்கழக நூலகத்தின் கணினிகளில் பூட்டிக் கிடந்தன. வளாகத்துக்குள் இருந்தால் கதவு தானாகத் திறக்கும். வீட்டிலிருந்து படிக்க வேண்டுமென்றால் வி.பி.என். என்ற ஒன்றை ஓடவிட வேண்டும். அது வீட்டுக் கணினியை, வளாகத்துக்குள் இருக்கும் கணினி போலவே பல்கலைக்கழக வலையோடு சேர்த்துவிடும். கடவுச்சொல் கொடுத்ததும், நீங்கள் நீங்கள்தானா என்று பார்க்க ஆறு எண்கள் கொண்ட ஒரு குறியீட்டைக் கைப்பேசிக்கு அனுப்பும். இரண்டு நிமிடத்துக்குள் அதை அடிக்க வேண்டும். தாண்டினால் செல்லாது.

யார் கைப்பேசிக்கு? பாரத்தில் எழுதியிருந்த எண்ணுக்கு. அந்த எண்ணோ சிங்கப்பூரில், ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலையின் வாசலில், லோகேஸ்வரனின் கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

லோகு சிங்கப்பூரில் டெக்னீஷியன். தினம் பாலத்து நெரிசலில் நான்கு மணி நேரம் தொலைப்பதற்குப் பதிலாக அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டான். வேலை காலை எட்டரைக்கு. உள்ளே கைப்பேசி கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். இரவு எட்டு மணிக்குத்தான் மறுபடி கையில் எடுப்பான். ஆகவே காலை எட்டுப் பத்துக்கு, அவன் உள்ளே போகுமுன், டீச்சர் பொத்தானை அழுத்துவார். லோகுவின் கைப்பேசி சிணுங்கும். அவன் கூப்பிடுவான்.

“அம்மா, எழுதிக்குங்க. நாலு ஏழு, ரெண்டு ரெண்டு, ஒன்பது ஒன்னு.”

எப்போதும் இரண்டிரண்டாகத்தான் சொல்வான். சிறுவயதில் வாய்ப்பாடு ஒப்பித்த அதே ராகம். டீச்சர் அடிப்பார். திரையில் பச்சை விளக்கு எரியும். அதன் பிறகு இருவருக்கும் பத்து நிமிடம் மிச்சம் இருக்கும்.

“பசியாறிட்டியாடா?”

“ஆச்சும்மா. நீங்க?”

“உப்புமா கிண்டினேன். அங்க மழையா?”

“இல்லலா. வெயிலு.”

இவ்வளவுதான் பேச்சு. உலகத்தைப் புரட்டிப் போடும் விஷயம் எதுவும் அதில் கிடையாது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் போன பிறகு, மறுநாள் எட்டுப் பத்து வரை அந்த வீட்டில் டீச்சரைத் தவிர வேறு குரல் கேட்காது. அதுவும், அவர் தனக்குத் தானே பேசிக்கொண்டால்தான் உண்டு.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த எண்ணை மாற்றலாம் என்பது டீச்சருக்கு முதல் வாரமே தெரியும். பல்கலைக்கழகக் கணினி உதவிப் பிரிவில் மதிவாணன் என்று ஒரு தமிழ்ப் பையன் இருந்தான். போனில் பேசும்போதே, “உங்க நம்பரையே போட்டுக்கலாம் டீச்சர், நாலு நிமிஷ வேலை” என்று சொல்லிவிட்டான். டீச்சரும் நாளைக்கு மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். மறுநாள் லோகு கூப்பிட்டான். சரி, வெள்ளிக்கிழமை மாற்றலாம் என்று நினைத்தார். வெள்ளிக்கிழமையும் அவன் கூப்பிட்டான். கரும்பு தின்னக் கூலி யாராவது வேண்டாம் என்பார்களா? அந்த ‘நாளைக்கு’ இரண்டு வருடமாக வரவே இல்லை.

அதற்கு முன்பெல்லாம் அவன் வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரம் அதுவும் இல்லாமல், கூப்பிடுவான். கெட்ட பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. கூப்பிட ஒரு காரணம் வேண்டியிருக்கும் பிள்ளை, அவ்வளவுதான். அப்பனும் அப்படித்தான் இருந்தார்.

இப்படியே போயிருக்கும். ஒரு நவம்பர் மாத மழைதான் கெடுத்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் மூன்றாவது அத்தியாயத்தைப் பல்கலைக்கழக வலைக்குள் போய் ஏற்றியாக வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு இடி இடித்து இணையம் போனது, காலையில் திறந்த வி.பி.என். இணைப்பும் அதோடு அறுந்தது. நான்கு மணிக்கு வந்தது. பொத்தானை அழுத்தினார், குறியீடு கேட்டது. குறியீடு சிங்கப்பூரில் ஒரு இரும்பு லாக்கருக்குள் போய்ச் சிணுங்கியது. கேட்க ஆளில்லை. டீச்சர் மூன்று முறை அழுத்திப் பார்த்தார். ஐந்து அடித்தபோது நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் பிள்ளைகளிடம் வீட்டுப்பாடத்தை நேரத்தோடு கேட்டு வாங்கியவருக்கு அது சின்ன அவமானம் இல்லை. மேற்பார்வையாளர் டாக்டர் கஸ்தூரி டீச்சரின் பெயரை அடுத்த பருவத்துக்குத் தள்ளி வைத்தார்.

இரவு எட்டு மணிக்கு லாக்கரைத் திறந்த லோகு மூன்று செய்திகளையும் சேர்த்துப் பார்த்துப் பதறிக் கூப்பிட்டான்.

“அலமாக்! என்னாம்மா இது? என்னாலதானே போச்சு?”

“உன்னால ஒன்னும் இல்லடா. மழை.”

மழைதான் என்று டீச்சர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். அவனோ குற்ற உணர்ச்சியில் விழுந்துவிட்டான். சீனப் பெருநாள் விடுமுறைக்கு வந்தவன், பையை இறக்கி வைத்த கையோடு கணினி முன்னால் உட்கார்ந்தான். டீச்சர் சமையலறையில் அவனுக்குப் பிடித்த கோழிப் பிரட்டலில் இருந்தார். திடீரென்று குளிர்பெட்டி மேல் வைத்திருந்த அவருடைய கைப்பேசி ஒரு தடவை சிணுங்கியது. கரண்டியோடு எட்டிப் பார்த்தார். ஆறு எண்கள்.

“அத சொல்லுங்கம்மா!” என்று கூடத்திலிருந்து கத்தினான்.

டீச்சர் சொன்னார். வேறென்ன செய்வார்?

“முடிஞ்சது! இனிமே எல்லாம் உங்க போனுக்கே வரும். எந்நேரமும் உள்ள போலாம். எனக்காகக் காத்திருக்க வேணாம். இத ரெண்டு வருஷத்துக்கு முன்னயே செஞ்சிருக்கணும், ரெண்டு பேருக்குமே தெரியாமப் போச்சி.”

அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். அம்மாவுக்கு ஒரு நல்லது செய்துவிட்ட பிள்ளையின் முகம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? “ரொம்ப நல்லதாப் போச்சுடா” என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுப்புக்குத் திரும்பினார். கோழி அடிப்பிடித்திருந்தது.

அவன் போன மறுநாள் எட்டுப் பத்துக்குப் பொத்தானை அழுத்தினார். பக்கத்திலேயே கைப்பேசி சிணுங்கியது. அடித்தார். பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் சேர்ந்து பத்து விநாடி. எட்டுப் பதினொன்றுக்கு டீச்சர் பல்கலைக்கழகத்துக்குள் இருந்தார். உலகத்துக் கட்டுரைகளெல்லாம் திறந்து கிடந்தன. ஒன்றையும் படிக்கப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

“என்னாம்மா, கோட் வரலையா?”

“வந்துச்சு.”

“அப்புறம்?”

அப்புறம் என்ன என்று டீச்சருக்கும் தெரியவில்லை. மழையைப் பற்றிக் கேட்கலாம் என்றால், வெறும் மழைக்காகவா கூப்பிட்டார் என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. “சும்மாத்தான்” என்றார். “சரிம்மா, நான் லாக்கர் பக்கம் போறேன்” என்றான். நாற்பது விநாடி. அடுத்த வாரமும் ஒரு தடவை கூப்பிட்டார். அவன் குரலில் ஒரு பதற்றம், “உடம்புக்கு ஏதும் செய்யுதாம்மா?” என்று. இல்லை என்றதும் அவனுக்கு நிம்மதி, பேச்சும் அதோடு நின்றது. பிறகு அவர் கூப்பிடுவதை விட்டுவிட்டார். மகனைத் தொந்தரவு செய்யும் தாய் என்ற பெயர் வேறு எதற்கு?

இருபது நாள் போயிற்று. ஒருநாள் மதியம், வரவேற்பறையில் நின்று, “இன்னைக்குச் சோறு வேணாம், ரொட்டியே போதும்” என்று வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு, யாரிடம் சொன்னோம் என்று திகைத்துப் போனார். அன்றுதான் முதல் முறையாக உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு உதவிப் பிரிவுக்குப் போன் போட்டார்.

ஐசி அடையாள அட்டை எண்ணைச் சரிபார்த்த மதிவாணனுக்கு ஒன்றும் புரியவில்லை.

“டீச்சர், எல்லாரும் மகன் நம்பர எடுத்துட்டு தன் நம்பரப் போடச் சொல்வாங்க. நீங்க தலைகீழா கேக்குறீங்களே?”

“போன் பழசுப்பா. எழுத்து சரியாத் தெரியல.”

“நான் எழுத்தப் பெருசு பண்ணச் சொல்லித் தர்றேன். மகன் நம்பர்ல போட்டா, மழைல லைன் போனா, மறுபடி கோட்டுக்கு அவரத்தானே தேடணும்?”

நல்ல பையன். நல்ல பையன்களால்தான் டீச்சருக்கு எல்லாத் தொல்லையும். பொய் தீர்ந்துபோயிருந்தது.

“தம்பி, அந்த நம்பர் அவனுக்குப் போனாத்தான் அவன் எங்கிட்டப் பேசுவான்.”

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. பிறகு மெதுவாக மறுபடி கேட்டது.

“மாத்திட்டேன் டீச்சர்” என்றான் மதிவாணன். “நாளையிலேருந்து அவருக்குப் போகும்.”

அன்று மாலை முழுவதும் டீச்சர் ஒரு பொய்யைத் தயார் செய்தார். பல்கலைக்கழகத்தில் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டார்களாம், ஏன் என்று தெரியவில்லையாம். கண்ணாடி முன் நின்று சொல்லியும் பார்த்தார்.

மறுநாள் எட்டுப் பத்து. பொத்தானை அழுத்தினார். வீடு அமைதியாக இருந்தது. எட்டுப் பதினொன்று. அவன் வேலைக்குச் சீக்கிரம் போயிருப்பானோ என்று கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது கைப்பேசி அடித்தது.

“அம்மா.”

“லோகு, அங்க என்னமோ பழையபடி மாத்திட்டாங்கடா, ஏன்னு...”

“நேத்து மத்தியானம் எனக்கு ஒரு மெசேஜ் வந்திருந்துச்சும்மா. நீங்க கேட்டதால மாத்திட்டாங்கன்னு. ராத்திரிதான் பாத்தேன்.”

முப்பது வருடம் எத்தனையோ பிள்ளைகளின் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்தவர், இப்போது தானே பிடிபட்ட பிள்ளை போல் நின்றார்.

“ராத்திரி பூரா யோசிச்சேன்” என்றான் லோகு. “சும்மா கூப்பிடுடான்னு சொல்லியிருக்கலாம்லம்மா?”

“சும்மா கூப்பிட்டா என்னத்தப் பேசுறதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சும்மா கூப்பிட்டுப் பாத்தேன். நாப்பது விநாடிதான் வந்துச்சு.”

தொழிற்சாலை வாசலில் பேருந்து ஒன்று கதவை மூடும் சத்தம் கேட்டது.

“பசியாறிட்டீங்களா?” என்றான்.

“இன்னும் இல்ல. நீ?”

“கடையில ரொட்டி சானாய். அங்க மாதிரி இல்ல, காஞ்சு போயிருக்கு.” பிறகு அவனாகவே அந்தக் கடையைப் பற்றி, கடைக்காரரைப் பற்றி, கூட வேலை செய்யும் தங்கராஜு தினமும் ரொட்டியைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு தின்பதைப் பற்றிச் சொன்னான். டீச்சர் சிரித்தார். திரையில் குறியீட்டின் நேரம் முடிந்துபோனது.

“டேய், கோட் செத்துப்போச்சு.”

“பரவால்லம்மா. இன்னொன்னு அனுப்புங்க.”

அனுப்பினார். அதுவும் வந்தது, அதுவும் செல்லாமல் போனது. மூன்றாவதை அவன் சொல்லத் தொடங்கினான், மிக மெதுவாக, ஒவ்வொன்றாக. நான்காவது எண்ணில் யாரோ அவனைப் பெயர் சொல்லி அழைத்தார்கள்.

“எட்டரை ஆச்சும்மா. நாளைக்கு.”

வைத்துவிட்டான். டீச்சர் கையில் கைப்பேசியோடு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கட்டத்தில் மூன்று எண்கள் இருந்தன, மூன்று இடம் காலி. இரவு எட்டு வரை இனி அந்த வீட்டுக்கு எந்த எண்ணும் வராது. அன்று அவரால் பல்கலைக்கழகத்துக்குள் நுழையவே முடியவில்லை.