நேற்றைய கேக்கும் விளக்கு வைக்கும் நேரமும்

கேக் கடைக்காரிக்கு விற்ற கேக் எதுவும் ஞாபகம் இருக்காது, விற்காத கேக்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். பூக்கடை, மீன்கடை, இட்லிக்கடை வைத்திருக்கும் என் இனத்தாரே, பொழுது சாயும்போது மிச்சத்தை எண்ணிப் பார்ப்போமே, அந்தக் கணக்கு நம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால் இதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

காலிக் கடை

என் கடை கோவில்பதாகையில், ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அதற்கு முன்னால் வேப்பம்பட்டில் வீட்டிலேயே கேக் சுட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் வந்து கொடுப்பேன். ஆவடியில் இறங்கும் கூட்டத்தில் எத்தனை கேக்குகளுக்கு மூக்கு நசுங்கியிருக்கிறது தெரியுமா! அதனால் 'ரெஜினா கேக்ஸ்' என்று என் பெயரில் ஒரு போர்டு ஏறிய அன்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று அதைப் பார்த்துப் பார்த்து அழுதேன். வெட்கமே இல்லை எனக்கு.

தொல்லை என்னவென்றால், ஆர்டரெல்லாம் போனில் வரும், கேக்கெல்லாம் டெலிவரி வண்டியில் போய்விடும். கடைக்கு என்று ஆள் வருவதில்லை. சாயந்திரம் நானும் செல்வியும் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். செல்வி என்னோடு வேலை செய்பவள், இந்த ஊர்க்காரி, வாய் ஓயாது. மாடியில் வீட்டுச் சொந்தக்காரர் தணிகாசலம் ஐயா. வாடகை பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்குக் கவலை வேறு. அவர் மனைவி மாடியில் விளக்கு ஏற்றுகிற நேரத்தில் கீழே கடை வெறிச்சோடிக் கிடந்தால் வீட்டுக்கு ஆகாதாம். எனக்கு முன்னால் இருந்த டெய்லர் கடையும் அப்படிக் கிடந்துதான் மூடிப் போனதாம். செல்போன் ரிப்பேர் செய்யும் ஒருவர் இதே இடத்தைக் கேட்டு அவரிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் ஐயா படியில் நின்றபடியே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "இத பாரும்மா, பொங்கல் வரிக்கும் பாப்பேன், வெளக்கு வெக்கச் சொல்லோ கடை இப்டியே காலியா கீதுன்னா, வெள்ளையடிக்கும்போதே ஆளையும் மாத்திடுவேன்."

செல்வியின் தோசைக்கல்

கேக் வெந்ததும் நடுவில் தொப்பை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். கிரீம் பூசுவதற்கு முன் அதை மட்டமாகச் சீவி எடுத்துவிட வேண்டும். அந்தச் சீவலும் விற்காத துண்டுகளும் தினமும் ஒரு டப்பா சேர்ந்துவிடும். தூக்கிப் போடு என்று செல்வியிடம் சொன்னேன். அவளுக்கு மனசு வரவில்லை. பின்கட்டில் எங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்காக ஒரு தோசைக்கல் வைத்திருந்தோம். அதில் வெண்ணெய் தடவி, நேற்றைய கேக் துண்டை டீக்குத் தொட்டுக்கொள்ளப் போட்டாள். போன் அடித்தது. பேசிவிட்டு வருவதற்குள் துண்டின் ஓரமெல்லாம் சிவந்து முறுகிவிட்டது.

கருகிவிட்டதென்று அவளைத் திட்டிக்கொண்டே கடித்தேன். அடடா! வெளியே முறுக்கு மாதிரி நொறுங்குகிறது, உள்ளே பஞ்சு! திட்டை அப்படியே விழுங்கிவிட்டு இன்னொரு துண்டு போடச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து மெழுகுவத்தி வாங்க கார்த்திக் வந்தார். எதிர் அபார்ட்மென்டில் குடியிருக்கும் மதுரைப் பையன், ஐடி கம்பெனி வேலை. சூடாக ஒரு துண்டு கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதல் கடியில் கண்ணை மூடினார். இரண்டாவது கடியில் புருவத்தைச் சுருக்கினார்.

"அக்கா, கேக்கு செம, ஆனா நடுவுல வெங்காய ஊத்தப்பம் எங்கிருந்துக்கா வருது?"

பிரெஷ் கேக் பட்ட பாடு

மறுநாளே கேக்குக்கென்று தனியாக ஒரு கல் வாங்கிவிட்டேன். ஆனால் மிச்சத்தைப் போய் காசுக்கு விற்பதா என்று மனசு உறுத்தியது. நாலு பேர் என்ன சொல்வார்கள்? அப்போதுதான் சுட்ட கேக்கையே அறுத்துக் கல்லில் போடுவதென்று முடிவு செய்தேன். செல்வி 'வாணாங்க்கா' என்றாள். நான் கேட்கவில்லை. எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்தும் ஆரோக்கியமேரி டீச்சரைப் பிடித்து உட்கார வைத்து, புதுசாக ஒன்று தருகிறேன் என்று ஏகப்பட்ட பீடிகை வேறு போட்டேன்.

பஞ்சு மாதிரி இருந்த துண்டு வெண்ணெயைக் கண்டதும் மொத்தமாகக் குடித்துவிட்டது. திருப்பப் போனால் பாதி கல்லில், பாதி கரண்டியில். நான் கிளறக் கிளற அது உதிர்ந்துகொண்டே போனது. வேறு வழியில்லாமல் கிண்ணத்தில் போட்டு, ஸ்பூன் வைத்து நீட்டினேன். டீச்சர் நல்ல மனுஷி, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ரெஜினா, உப்புமான்னு முதல்லயே சொல்லிக் குடுத்திருந்தா நான் மனசைத் தயார் பண்ணிக்கிட்டு வந்திருப்பேனே."

உள்ளதைச் சொன்ன போர்டு

ஆக, பழசாக இருப்பதுதான் அதன் பலமே. ஒரு நாள் ஆன கேக்கில் கிரீம் இருந்தால் வழித்துவிட்டு, விரல் கனத்துக்கு அறுத்து, ஃபிரிட்ஜில் இறுக வைக்க வேண்டும். அடுப்பு சிம்மில் இருக்கட்டும், வெண்ணெய் கொஞ்சமாகப் போதும். போட்ட துண்டை நோண்டாமல் விட்டுவிட வேண்டும். திருப்புகிறபோது மேலே ஒரு சிட்டிகை சர்க்கரை தூவினால் அது உருகிக் கண்ணாடி மாதிரி பிடித்துக்கொள்ளும். ஐந்து நிமிஷ வேலை.

என்ன பெயர் வைப்பதென்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் ஊரை ஏமாற்றுவானேன் என்று, 'நேற்று சுட்ட கேக், இன்று கல்லில் வாட்டியது' என்றே எழுதி வைத்தேன். சாயந்திரம் ஒன்றிரண்டு பேர் வர ஆரம்பித்தார்கள். ஆனால் கூட்டம் என்று சொல்ல முடியாது. விளக்கு வைக்கும் நேரத்தில் மாடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும், என் உயிரும் கூடவே போகும். இப்படி இருக்கையில் குமணன்சாவடி போகிற வழியில் ஒருவர் பைக்கை நிறுத்தினார். போர்டை மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை படித்தார்.

"பழசுன்னு நீங்களே எழுதிப்புட்டீங்க, இனி நான் என்னத்தக் குத்தம் சொல்றது, ரெண்டு போடுங்க."

திரும்பி வந்த கேக்குகள்

கிறிஸ்துமஸ் வந்தது. எங்கள் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தட்டில் கேக் வைத்துக் கொடுப்பது வழக்கம். கொடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே நாளில் கொடுத்தால் வாங்குகிறவர்கள் கதி? ஆள் ஒருவர், கேக் மட்டும் ஊர்ப்பட்டது. மறுநாள் சாயந்திரம் கார்த்திக் ஒரு டிபன் டப்பாவோடு வந்து நின்றார். பக்கத்து வீடு, எதிர் வீடு, கீழ் வீடு எல்லாம் சேர்ந்து கேக்காலேயே அடித்துவிட்டதாகவும், இதைக் கல்லில் போட்டுத் தர முடியுமா என்றும் கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

அதற்கு மறுநாள் பார்க்கணுமே! மாவு மில்லுக்கு அரிசி எடுத்து வருவது போல, அபார்ட்மென்ட் ஜனம் முழுக்க ஆளுக்கொரு டப்பாவோடு வாசலில் நிற்கிறது. பிளம் கேக்கில் ஒரு சங்கடம். கல்லில் பட்டதும் திராட்சை உப்பி வெடித்துக் கருகிவிடும். அதனால் மேலாக இருக்கும் திராட்சையை செல்வி கிள்ளி எடுத்துவிட்டுக் கொடுக்க, நான் வாட்டினேன். ஒரு டப்பாவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஓரத்தில் நாங்கள் போடும் முந்திரி வரிசை. ஆரோக்கியமேரி டீச்சர் எங்களிடம் வாங்கி ஊருக்கெல்லாம் கொடுத்த கேக்.

"இன்னாக்கா இது, நாம அனுப்ன கேக்கு ஊரெல்லாம் சுத்திட்டு அம்மா ஊட்டுக்குத் திரும்பி வந்துகீது!"

தணிகாசலம் ஐயா இறங்கி வந்தார்

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கேட்டை அடைத்துக்கொண்டு வண்டிகள், படியை அடைத்துக்கொண்டு பிள்ளைகள். சரி, இன்றைக்குத் தொலைந்தோம், காலியாக இருந்தாலும் குற்றம், நிறைந்தாலும் குற்றம் என்று நினைத்துக்கொண்டேன். தலையை நிமிர்த்தாமல் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டு வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தால் மனிதர் வரிசையில் நிற்கிறார்! துண்டால் மூடிய எதையோ மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறார்.

அவர் முறை வந்தது. துண்டை விலக்கினார். தட்டு நிறைய கேக், நாலைந்து வீட்டுக் கேக் ஒன்றாகக் கிடந்தது. மாடியில் அவர் மனைவி விளக்கேற்றிவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கூட்டத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு தட்டை நீட்டினார்.

"நேத்து அந்த செல்போன்காரனக் கூப்ட்டுக் கேட்டுப் பாத்தேம்மா, அவனுக்கு கேக்கு வாட்டத் தெரியாதாம், நீயே இருந்துக்கினு போ."

பொங்கல் வந்து போய் வெள்ளையும் அடித்தாயிற்று, இப்போது சாயந்திரக் கூட்டத்துக்கு மிச்சம் போதாததால், ஊரில் எல்லாக் கடைக்காரர்களும் இன்று சுட்டது இன்றே போக வேண்டுமே என்று வேண்டிக்கொள்ளும் நேரத்தில், நான் மட்டும் நாளைக்குப் பழசாவதற்கென்றே ஒரு தட்டு கேக் சுட்டுப் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறேன்.