முதல் தடவையிலேயே பச்சை

ரத்தம் பரிசோதிக்கும் லேப்களுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகத்தில் அவளுக்குப் பதினோரு வருட சர்வீஸ். ரிப்போர்ட் அச்சிடும் பகுதி அவள் பொறுப்பு. அவசரத்துக்கு ஒட்டுப்போட்டு, ஒட்டின்மேல் ஒட்டுப்போட்டு வளர்ந்த நிரல் அது. இங்கே தொட்டால் எங்கோ இடிந்து விழும். அதனாலேயே எதையும் நம்பாத குணம் வந்துவிட்டது. கணவர் போன் செய்து, “சும்மாதான் கூப்பிட்டேன்” என்றாலும், “மறைக்காம சொல்லுங்க, என்ன ஆச்சு?” என்பாள்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் வந்தார். “ரிப்போர்ட்ல வயசுக்கு ஒரு கட்டம் சேர்க்கணும். ரெண்டு வரி வேலைதானே?”

அந்த ‘தானே’வை அவள் நம்பவில்லை.

வயசு சம்பந்தப்பட்ட பகுதியை அவள் தொட்டு நாலைந்து வருடம் ஆகியிருந்தது. எழுதி முடித்து, அந்த நிரலைத் தானாகச் சரிபார்க்கும் சோதனைகளை ஓட்டினாள். முப்பத்தாறும் முதல் தடவையிலேயே பச்சை; எல்லாம் சரி என்று அர்த்தம். வேறு யாராக இருந்தாலும் டீ குடிக்கக் கிளம்பியிருப்பார்கள். இவள் கிளம்பவில்லை. வேண்டுமென்றே வயசுக் கணக்கைத் தப்பாக மாற்றி ஓட்டினாள். அப்போதும் பச்சை.

எதைக் கொடுத்தாலும் ‘சரி’ என்று தலையாட்டும்படி யாரோ ஒரு வரி எழுதி வைத்திருந்தார்கள்.

பக்கத்து சீட்காரர்மேல்தான் சந்தேகம். போன் அடித்தாலே மனுஷன் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பார். இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“இது யார் வேலை சார்?”

“என் வேலைதான். நீங்க பிரசவ லீவுல இருந்தீங்க, இங்கயும் மறுநாள் டெலிவரி. ‘சோதனையை இப்போதைக்கு அணைச்சு வை, அடுத்த வாரம் பாத்துக்கலாம்’னாங்க. அந்த அடுத்த வாரம் வரவே இல்ல மேடம். நாலு வருஷமா யார் கூப்பிட்டாலும் இதுக்குத்தானோன்னு பக்குன்னு இருக்கு.”

திட்டத் தயாராக வந்தவள், “வாங்க சார், மேனேஜர்கிட்ட சொல்லிடலாம்” என்றாள். இருவருமாக மேனேஜரிடம் போனார்கள்.

“இத்தனை நாள் ஓடுதில்ல?” என்றார் அவர்.

“அதான் சார் பயமா இருக்கு” என்றாள் அவள்.

அந்த வரியை நீக்கி ஓட்டியபோது நான்கு சிவப்பு. மூன்று சில்லறைத் தப்புகள். நான்காவது, கைக்குழந்தைகளின் ரிப்போர்ட்டில் பெரியவர்களுக்கான நார்மல் அளவை அச்சிட்டுக்கொண்டிருந்தது. மேனேஜரே போனை எடுத்தார். அன்றே எல்லா லேப்களுக்கும் தகவல் போனது. சரிசெய்ய இரண்டு வாரம் பிடித்தது.

கடைசி நாள் அவள் மறுபடி வேண்டுமென்றே ஒரு தப்பு செய்து பார்த்தாள். பளிச்சென்று சிவப்பு.

“அப்பாடா!” என்று சிரித்தார் பக்கத்து சீட்காரர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “வேற எங்கயாவது இப்படி வெச்சிருக்கீங்களா?”

“எனக்கு ஞாபகம் இருக்கிற வரைக்கும் இல்ல மேடம்.”

அவள் அடுத்த கோப்பைத் திறந்தாள்.