வளையத்தைத் திருப்பியது குற்றமா?

1992 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை நடந்த தேர்வுப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த என்னை, மூக்கண்டப்பள்ளி சைக்கிள் கழகச் செயலாளர் நாராயணப்பன் சேலம் பந்தயத்துக்குச் செல்லும் அணியிலிருந்து நீக்கினார். "புதிய கியரை ஏற்க மறுத்தார், கழகச் சொத்தைக் கெடுத்தார்" என்பது அவர் கையொப்பமிட்ட காரணம். இரண்டும் உண்மையல்ல.

என் பெயர் அதாவுல்லா. பாரூரில் பிறந்தேன். எட்டாம் வகுப்போடு நின்று, இங்கே லேத் ஓட்டுகிறேன். சேலம் அணியில் ஓர் இடத்தைத் தவிர வேறெதையும் கழகத்திடம் நான் விரும்பியதில்லை.

பழைய கியர் லிவரில் படிகள் கிடையாது. சங்கிலி அடுத்த பல்சக்கரத்தில் உட்காரும்வரை மெல்ல நகர்த்தி, கரகரப்பு அடங்கியதும் கையை எடுக்க வேண்டும். பெங்களூரிலிருந்து வந்த புதிய லிவர் ஒரு 'டிக்'குக்கு ஒரு கியர் மாறும். எது வேண்டும் என்று கழகம் கேட்டபோது புதியதை முதலில் எழுதிக் கேட்டவன் நான். பழைய லிவரோடு சூளகிரி ஏற்றத்தில் கியரைத் தேடியே பின்தங்கியவன் வேறெதைக் கேட்பான்? அக்கடிதத்தின் நகல் என்னிடம் உள்ளது.

பந்தயத்துக்குக் கழகம் தந்த எங்கள் சைக்கிள்கள் மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரியில், காலி டின்களுக்கிடையே சென்றன. இறக்கியபோது என் வண்டியில் பின் கியரைத் தாங்கும் இரும்புக் காது உள்பக்கம் வளைந்திருந்தது. நிமிர்த்த நேரமில்லை. குருபரப்பள்ளி தாண்டியதும் 'டிக்' ஓரிடம், சங்கிலி வேறிடம் என்றாகிவிட்டது. லிவரின் மேல் சிறு வளையம் ஒன்று உண்டு. அதைத் திருப்பினால் படிகள் மறைந்து, பழைய லிவர் போலவே நகரும். செய்தவர்களே வைத்த வளையம் அது. திருப்பினேன். மேடேறினேன்.

ஓசூரில் நாராயணப்பன் லிவரை ஆட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, சத்தமே காணோம்? புடுங்கிப் போட்டுட்டியா?"

"இல்லீங்க சார். வளையத்தத் திருப்புனேன், அவ்ளோதான்."

"உனக்கெல்லாம் கட்ட வண்டிதான் சரி!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. என் இடமும் வண்டியும் மூன்றாவதாக வந்த சின்னராஜுக்குப் போயின.

அன்றுமுதல் வேலை முடிந்து வந்தாலும் உட்கார முடிவதில்லை. இல்லாத லிவரை வலக்கை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. நேற்று மாலை நடந்துகொண்டிருந்தபோது சின்னராஜ் அந்த வண்டியில் எதிரே வந்து நிறுத்தினான்.

"என்னப்பா, டிக்கு சத்தத்தக் காணோம்?"

"அட போ பாய், நடுநடுவுல வழுக்குது. நீ பண்ணாப்லயே வளையத்தத் திருப்பி வெச்சிட்டேன்."

"செயலாளர் பாத்தாரா?"

"பின்னாடியே ஸ்கூட்டர்ல வந்தாரு. நல்லாப் போறடான்னாரு."

சின்னராஜ் மீது எனக்குப் புகார் இல்லை. கழகத்தையே கேட்கிறேன். வளையத்தைத் திருப்புவது சொத்தைக் கெடுப்பதா, இல்லையா? கெடுப்பது என்றால், அவன் செய்தபோது அது எப்படிப் பாராட்டுக்குரியதாயிற்று? இல்லையென்றால், என் இடம் எனக்கு வேண்டும். அணி புறப்படும் ஜூலை 5க்கு முன், செயலாளரின் கையொப்பமும் தேதியும் இட்ட பதிலை எழுத்தில் தர வேண்டும். வாய்வழியாகச் சொல்வதை நான் பதிலாக ஏற்கமாட்டேன்.