வெள்ளைக்கு மதுரை, சிவப்புக்குக் கிருஷ்ணன்கோவில்

பெரியப்பா இருந்தார். பெரியம்மா இருந்தாள். அப்பா மில்லில் அரைநாள் சொல்லிவிட்டு வந்திருந்தார். அம்மா, கையில் தாம்பாளத்தோடு. அக்கா, தூணைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் நான். பிள்ளையாரைச் சேர்க்காமல் இவ்வளவு பேர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பெரியப்பா வீட்டுத் தெருமுனையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோவில் உண்டு. அங்கேதான் நின்றோம். வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூட லீவு. எனக்கு ஒன்பது வயது. அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். அவள் மேலே என்ன படிப்பது என்று பிள்ளையாரிடம் கேட்க வந்திருந்தோம்.

அதற்கு முன்னால் மனிதர்களிடம் கேட்டுப் பார்த்தாயிற்று. ஒத்துவரவில்லை.

எங்களுக்கு ராஜபாளையம். அப்பா ஸ்பின்னிங் மில்லில் பிட்டர். அம்மா பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறவள். மிச்ச வேலையை வீட்டுக்கும் எடுத்துவருவாள். அக்காவும் நானும் உட்கார்ந்து மடிப்போம். வெள்ளைத் துணி, ஓட்டை ஓட்டையாக இருக்கும். மடித்து, அமுக்கி, காகிதத்தில் சுற்ற வேண்டும். ஒருநாள் அக்கா என்னிடம், இதெல்லாம் எங்கே போகும் என்று கேட்டாள். லாரியில் போகும் என்றேன். அவள் கேட்டது அது இல்லை.

அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை. மதுரையில். நான்கு வருஷம், ஹாஸ்டலில் இருந்து.

பெரியப்பாவுக்கு அவள் என்ஜினியரிங் படிக்க வேண்டும். பக்கத்து ஊரான கிருஷ்ணன்கோவிலில். அக்கா எடுத்திருந்தது கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப். இரண்டு பக்கமும் போகலாம். அதுதான் தொல்லையாகப் போயிற்று.

பெரியப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்பா மில்லில் சேர்ந்தது அவர் சொல்லி. அம்மாவைக் கட்டியது அவர் சொல்லி. ஓட்டுக்கூரை மாற்றியதும் அவர் சொல்லித்தான். அக்கா பாஸான அன்றைக்கே கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், தம்பி மகள் என்ஜினியர் ஆகப்போகிறாள் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு சொன்னதுதான்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"காலேஜ் பஸ் நம்ம தெருமுனைக்கே வருது. காலையில ஏறுனா சாயங்காலம் வீட்ல. பொம்பளப் பிள்ளய எதுக்கு ஊரு விட்டு ஊரு அனுப்பணும்?" என்றார்.

அக்காவிடம் யாரும் கேட்காமல் இல்லை. கேட்டார்கள். மதுரை என்றாள். கேட்டுக்கொண்டு மறுபடியும் அவர்களே பேசினார்கள்.

அப்பா, அண்ணாச்சி சொல்வதும் சரி, பிள்ளை சொல்வதும் சரி என்றார். பெரியப்பா முன்னால் அப்பா அவ்வளவு பேசியதே அதிகம்.

அம்மாவுக்கு வேறு சங்கடம். புருஷனுக்கு அண்ணன் என்பதால் அவள் பெரியப்பாவிடம் நேராகப் பேச மாட்டாள். பேச வேண்டியதை என்னிடம் சொல்வாள். நான் திருப்பிச் சொல்வேன். அவர் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பார். அம்மா சொன்னது அவர் காதில் நன்றாக விழும். இருந்தாலும் நான் சொல்லி முடிக்கிறவரை கேட்காதவர் மாதிரியே இருப்பார். அவரும் பதிலை என்னிடம்தான் கொடுப்பார். எனக்கு அது பெருமையாக இருந்தது. நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் பேச்சே நடக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்கம்மாட்ட சொல்லு. நர்ஸு வேலன்னா நைட் ஷிப்ட் உண்டு. ராத்திரி வேலைக்குப் போற பிள்ளய எவன் கட்டுவான்?"

அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பெரியப்பாட்ட கேளு. ஒங்கப்பாவும் நைட் ஷிப்ட்தான் பாக்காவ. அவியளுக்கு எப்படிப் பொண்ணு குடுத்தாவன்னு கேளு."

நான் கேட்டேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல வெளியே போய்விட்டார். பெரியப்பாவும் சிரித்தார். ஆனால் விடவில்லை. இரண்டு காலேஜுக்கும் விண்ணப்பம் போடக் கடைசி நாள் கிட்டே வந்துவிட்டது. அக்கா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அம்மா சொன்னாள்.

"பூக்கட்டிப் பாக்கலாமான்னு பெரியப்பாட்ட கேளு."

அதற்கு அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. கடையை எந்தத் தெருவில் போடுவது என்று பூக்கட்டிப் பார்த்தவரே அவர்தான். இரண்டு நிறத்தில் பூ எடுத்துத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைக்க வேண்டும். ஒன்றுமறியாத பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். எந்தப் பூ வருகிறதோ அதுதான் சாமி வாக்கு.

பெரியப்பா உடனே நிறத்தைப் பிரித்தார். சிவப்பு மங்களம், அது கிருஷ்ணன்கோவிலுக்கு என்றார். வெள்ளை மதுரைக்கு. வருகிற வெள்ளிக்கிழமை, மடவார் வளாகத்துப் பிள்ளையார். எடுக்கிறது சின்னவள், அதாவது நான். பூவைத் தானே வாங்கிவைப்பதாகச் சொன்னார். கடைப் பூ யார் யார் கை பட்டதோ, வீட்டுப் பூ இருக்கிறது என்று அம்மா சொல்லச் சொன்னாள். சொன்னேன். அதுவும் சரிதான் என்றார்.

சின்னவள் சிவப்பு வர வேண்டும் என்று அந்த வாரம் முழுக்கச் சாமி கும்பிட்டாள் என்பது யாருக்கும் தெரியாது. எனக்கு என்ஜினியரிங்கும் தெரியாது, நர்சிங்கும் தெரியாது. அக்கா போய்விட்டால் துணியெல்லாம் நான் ஒருத்தியாக மடிக்க வேண்டும். ஜடை பின்ன ஆள் இல்லை. ராத்திரி சுவர்ப்பக்கம் படுப்பவள் இல்லாமல் போவாள். பஸ் தெருமுனைக்கு வரட்டும். காலையில் போய்ச் சாயங்காலம் வரட்டும்.

எங்கள் வீட்டுக் குழாயடியில் இரண்டு அரளிச் செடி நின்றது. ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. பக்கத்து வீட்டு அத்தைக்குத் தெலுங்கு. அம்மனுக்கு வைக்கச் சிவப்பு அரளியைப் பறித்துவிடுவாள். கேட்டால் ஒக்கட்டே, ஒன்றே ஒன்றுதான் எடுத்தேன் என்பாள். அவள் ஒக்கட்டே என்றால் பாதிச் செடி மொட்டையாக நிற்கும். அம்மா சண்டை போடுகிற ஆள் இல்லை. என்னைக் காவல் வைத்தாள். காலையில் பல் விளக்கும்போது சிவப்பை எண்ணி அம்மாவிடம் சொல்ல வேண்டும். சாயங்காலமும் எண்ணிச் சொல்ல வேண்டும். வெள்ளையை யாரும் தொடுவதில்லை. அதனால் அதை எண்ணுவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எண்ணினேன். சிவப்பு ஏழு. அம்மாவிடம் சொன்னேன். சரி என்று கூடையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நான் பவுடர் போட்டுக்கொண்டு வருவதற்குள் இரண்டு பொட்டலமும் தயாராக இருந்தன. வாழை இலையில் மடித்து நாரால் கட்டியிருந்தாள். பேண்டேஜ் மடிக்கிற கை. ஒன்றுக்கொன்று நூல் அளவு வித்தியாசம் சொல்ல முடியாது.

பஸ்ஸில் அப்பா, பூவெல்லாம் எடுத்தாயா என்று கேட்டார்.

"ரெண்டு பொட்டலமும் இருக்கு" என்றாள் அம்மா.

கோவிலில் பெரியப்பாவே சூடம் ஏற்றினார். குனிந்து என் காதில், "ஏட்டி, செவப்பு வந்தா ஒனக்கு ஒரு டப்பா பால்கோவா" என்றார். எனக்குப் பால்கோவா தேவைப்படவில்லை. நானும் அவர் கட்சிதான். அவருக்குத்தான் அது தெரியாது.

கண்ணை மூடினேன். இரண்டையும் தடவிப் பார்த்தேன். சிவப்பு கனமாக இருக்கும் என்று ஏனோ தோன்றியது. கனமாகத் தோன்றியதை எடுத்தேன். பெரியப்பா வாங்கி நாரை அவிழ்த்தார்.

வெள்ளை.

அக்கா தூணை விட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா பூவைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாம்பாளத்தில் கிடந்த மற்றப் பொட்டலத்துக்குக் கையை நீட்டினார்.

"பெரியப்பாட்ட சொல்லு" என்றாள் அம்மா. "சாமி ஒதுக்குனத நாம பிரிக்கக் கூடாது."

நான் அழுதுகொண்டே சொன்னேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். அம்மா அந்தப் பொட்டலத்தை எடுத்துப் போய்க் கோவிலுக்குப் பின்னால் இருந்த கிணற்றில் போட்டாள். எனக்கு அழுகை நிற்கவில்லை. பிள்ளைக்கு அருள் இறங்கியிருக்கிறது என்று பெரியம்மா என் நெற்றியில் திருநீறு பூசினாள்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "அவரே சொல்லிட்டாரு. பொறவு நாம என்ன சொல்ல. மதுரைக்கே போகட்டும்" என்றார். பால்கோவாவும் வாங்கிக் கொடுத்தார். மதுரையில் அக்காவைச் சேர்க்கப் போனபோது டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறியதும் அவர்தான். கடையில் அதற்குள் பேச்சை மாற்றியிருந்தார். நர்சிங்குக்குத்தான் இப்போது மதிப்பு என்று தான்தான் சொன்னதாக.

நான்தான் அக்காவை அனுப்பிவிட்டேன் என்று எனக்கு ரொம்ப நாள் இருந்தது. என் கை சரியில்லை என்று நினைத்தேன். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வேன்.

படிப்பு ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் அக்கா போன் பண்ணினாள். அவளை வார்டுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். எங்கே போகிறது என்று பார்த்துவிட்டேன் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாளாம். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அக்கா இப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நைட் ஷிப்ட் பார்க்கிறாள். கல்யாணமும் ஆயிற்று. நான் பத்தாவதோடு நின்றேன். அம்மா உட்கார்ந்த இடத்தில் இப்போது நான் உட்கார்ந்து மடிக்கிறேன். எனக்குப் பூக்கட்டிப் பார்க்கவில்லை. ஒரு வழிதான் இருந்தது. அதற்கு எதற்குப் பூ.

பூ எடுத்த அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பியதும் என் வேலையை நான் மறக்கவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு குழாயடிக்குப் போனேன். எண்ணினேன். ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்.

"அத்தை இன்னைக்கு ஒண்ணுகூடப் பறிக்கலம்மா. காலையில எண்ணுன செவப்பு அம்புட்டும் அப்படியே இருக்கு."

அம்மா சேலை மாற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது. என்னைப் பார்த்தாள்.

"சரியா எண்ணுனியா?"

"எண்ணுனேன்."

"பெரியப்பாட்ட சொல்ல வேண்டாம்."

பெரியப்பாவிடம் சொல்லு என்று சொல்லித்தான் அம்மாவுக்குப் பழக்கம். சொல்ல வேண்டாம் என்றது அன்றைக்குத்தான். எங்கள் வீட்டுச் செடியில் எத்தனை பூ இருந்தால் பெரியப்பாவுக்கு என்ன என்று யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஒருவேளை தப்பாக எண்ணிவிட்டேனோ என்று திரும்பப் போய், கிளையை விலக்கி, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன்.

ஏழு.