பிஸ்கட் டின்னும் ஆக்ஸிலியாவின் கையும்

கொடைக்கானலில் ஒரு வியூ பாயின்ட் வாசலில் ஆக்ஸிலியா பதினோரு வருடமாக வேகவைத்த சோளம் விற்கிறாள். அங்கே இருபத்திரண்டு தள்ளுவண்டிகள். ஒவ்வொரு ஜனவரியும் ஒரு பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்வார்கள். சங்கத் தலைவருக்கான ஓட்டும் அதே டின்னில்தான்.

அழகுமலை அப்படித்தான் தலைவரானார். நல்ல மனிதர். ஆக்ஸிலியாவின் கணவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது, தன் ஜீப்பிலேயே மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அடுத்த ஜனவரியில், "மழையில யாவாரமே இல்லாம கெடக்கோம், இந்த ஒரு வருசம் டின் வேண்டாங்க, அண்ணனே இருக்கட்டும்" என்று முதலில் சொன்னவள் ஆக்ஸிலியாதான். இடங்களையும் அழகுமலையே ஒதுக்கினார். கார்கள் நிற்குமிடத்தை ஒட்டிய முதல் இடம் அவளுக்கு.

டின் அதன்பிறகு வெளியே வரவில்லை. "ஆட்சேபணை இருக்கறவங்க கை தூக்குங்க" என்று மட்டும் கேட்பார்கள். யாரும் தூக்குவதில்லை. ஒருநாள் வாட்ஸப் குரூப்பில் அட்மின் மட்டுமே பேசலாம் என்றானது. குட்மார்னிங் தொல்லை ஒழிந்ததென்று ஆக்ஸிலியாவும் சந்தோஷப்பட்டாள்.

போன மாதம் தொப்பி விற்கும் ஷைலா, "டின் எப்பண்ணே வெளிய வரும்?" என்று கேட்டுவிட்டாள். மறுநாள் அவள் வண்டி கழிப்பறைப் பக்கம் போனது.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டியாடி?" என்றாள் ஆக்ஸிலியா.

"மொத இடத்துல நின்னுக்கிட்டு பேசுறீங்கக்கா. இங்க வந்து மோந்து பாருங்க."

அது ஆக்ஸிலியாவுக்குத் தைத்தது.

இந்த ஜனவரிக் கூட்டத்துக்குச் செயலாளர் செந்தில்வேல் தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி வந்திருந்தார்: அழகுமலையே நிரந்தரத் தலைவர், ஏகமனதாக நிறைவேறியது. பிறகுதான் ஆட்சேபணை கேட்டார். ஆக்ஸிலியா கை தூக்கினாள்.

அழகுமலைக்குக் கோபம் வரவில்லை; முகம் வாடியது. "உனக்கு என்ன கொறை வச்சேன் தங்கச்சி?"

"ஒரு கொறையும் இல்லண்ணே. டின்னக் கொண்டாரச் சொல்லுங்க. என் ஓட்டு உங்களுக்குத்தான்."

வேறு கை எழவில்லை. தீர்மானம் நிறைவேறியது. ஆனால் செந்தில்வேல் 'ஏகமனதாக' என்பதை அடித்துவிட்டு, 'ஒருவர் எதிர்ப்பு' என்று எழுத வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை குரூப்பில் புது இடப்பட்டியல் வந்தது. ஆக்ஸிலியா வண்டியைக் கழிப்பறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். ஷைலா தொப்பிகளை ஒதுக்கி இடம் விட்டாள்.

"வெரசா அடுப்பைப் பத்தவைங்கக்கா. சோள வாசமாச்சும் வரட்டும்."